சரிவைப் படிக்கும் ட்ரோன்

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். ஒரே மாலையில் 50 மி.மீ. கொட்டினால் 2 லட்சம் லிட்டர். தருமபுரி மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 850 மி.மீ.க்கும் 900 மி.மீ.க்கும் இடைப்பட்டது. அப்படிப் பார்த்தால் ஒவ்வோர் ஏக்கருக்கும் ஆண்டுக்கு 34 லட்சம் லிட்டருக்குக் குறையாமல் வானம் தருகிறது. அப்படியிருந்தும் மாசி பிறந்ததும் பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிணறுகளில் தரை தெரிகிறது. போர் வண்டிகள் ஆயிரம் அடியைத் தாண்டித் துளைக்கின்றன. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு கலந்திருப்பதால்தான், 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது.

காவிரி இந்த மாவட்டத்தின் ஓரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் தருமபுரி நகரம் கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஒகேனக்கல் அதைவிட ஏறத்தாழ 200 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது. தஞ்சையில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக வரும். இங்கே எதையும் மேலே ஏற்றியாக வேண்டும். குடிநீருக்கு அந்தச் செலவைச் செய்யலாம். மானாவாரிக் காட்டில் விளையும் சாமைக்கும் கொள்ளுக்கும் யார் காவிரியை ஏற்றிக் கொடுப்பார்கள்? சின்னாறு, தொப்பையாறு, நாகாவதி, வாணியாறு என்று சிறு அணைகள் உண்டு. அவற்றின் பாசனம் எட்டாத மேட்டாங்காடுகளே அதிகம். அங்கே விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நிலமோ சரிவு. செம்மண் சில அடி, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. வேகமாக வந்த மழை வேகமாக ஓடையில் இறங்கிவிடுகிறது, போகும்போது மேல்மண்ணையும் எடுத்துக்கொண்டு.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சரிவுக்குக் குறுக்கே வரப்பு. சம உயர வரப்பு என்று வேளாண் பொறியியல் துறை சொல்வதும் அதையே. ஆனால் அந்த வரப்பு மட்டம் தவறாமல் ஓட வேண்டும். நூறு மீட்டர் வரப்பில் ஓரிடம் ஒரு சாண் தாழ்ந்திருந்தால், மழை அத்தனையும் அந்த இடத்துக்கே வரும், அங்கே உடைக்கும், உடைந்த இடத்தில் புதிதாக ஒரு பள்ளம் பிறக்கும். வரப்பே போடாமல் இருந்திருந்தால் சரிவு முழுக்கப் பரவி ஓடியிருக்கும் தண்ணீர், தவறான வரப்பால் ஒரே வாயில் திரண்டு பாய்கிறது. மட்டம் பார்க்காமல் பொக்லைனை வைத்து அவசரமாக இழுத்த வரப்புகள் இப்படி உடைந்து கிடப்பதை மாவட்டம் முழுக்கக் காணலாம்.

ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் வேளாண்மையில் என்ன செய்யும் என்று பேசும்போது, மருந்து தெளிக்கும் படம்தான் முதலில் காட்டப்படுகிறது. தருமபுரியைப் போன்ற வறண்ட மேட்டு நிலத்துக்கு ட்ரோனின் மிகப் பெரிய பயன் தெளிப்பதில் இல்லை, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து கொடுப்பதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரணக் கேமரா பொருத்திய ஒரு ட்ரோன் 120 மீட்டர் உயரத்தில் நேர்கோடுகளில் பறந்து படம் எடுக்கிறது. 400 அடி, அதாவது 120 மீட்டர். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய உச்ச உயரம் அதுதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் முக்கால் பங்கு ஒரே இடம் வருமாறு எடுக்க வேண்டும். அப்போது தரையிலுள்ள ஒவ்வொரு கல்லும் ஐந்தாறு படங்களில், வெவ்வேறு கோணங்களில் பதிவாகும். கோணம் மாறும்போது உயரமான பொருள் படத்தில் அதிகம் நகரும், தாழ்ந்தது குறைவாக நகரும். இந்த நகர்வை லட்சக்கணக்கான புள்ளிகளுக்குக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் மென்பொருள் கண்டுபிடிக்கிறது. நம் இரு கண்களும் தூரத்தை அறிவது இந்தக் கணக்கால்தான். இரண்டு கண்களுக்குப் பதில் இங்கே ஆயிரம் கண்கள். 20 மெகாபிக்சல் கேமராவில், அந்த உயரத்திலிருந்து ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறத்தாழ 3 செ.மீ. தரையில் ஆங்காங்கே குறிகள் வரைந்து, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் துல்லிய ஜிபிஎஸ் கருவியால் அளந்து கொடுத்துவிட்டால், கிடைக்கும் உயர வரைபடத்தின் பிழையைச் சில சென்டிமீட்டருக்குள் அடக்கலாம்.

இதற்கு ட்ரோன் எதற்கு, செயற்கைக்கோள் போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 இரட்டைப் படங்களிலிருந்து உருவாக்கிய உயர வரைபடம் புவன் தளத்தில் கிடைக்கிறது. அமெரிக்க விண்கலம் 2000-ஆம் ஆண்டில் ரேடாரால் அளந்த உலக வரைபடமும் இலவசம். இரண்டிலும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரத்தில் சில மீட்டர் பிழை. ஓர் ஆற்றின் வடிநிலத்தை வரைய அது தாராளம். ஆனால் முழங்கால் உயர வரப்பு எங்கே ஓட வேண்டும் என்று சொல்ல, மீட்டர்கணக்கில் பிழையுள்ள வரைபடம் எப்படி உதவும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தன் காட்டில் வரப்பு போட ட்ரோனைத் தேட வேண்டியதில்லை. கொத்தனார் பயன்படுத்தும் டியூப் மட்டம் போதும். ஒளி புகும் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரு முனைகளிலும் நீர் நிற்கும் இடத்தைப் பார்த்தால் சென்டிமீட்டர் துல்லியத்தில் மட்டம் கிடைக்கும். மூன்று கழிகளை ஆங்கில A எழுத்துபோலக் கட்டி, நடுவில் கல் தொங்கவிட்ட சட்டத்தாலும் அதே வேலையைச் செய்யலாம். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. ட்ரோன் தேவைப்படுவது கரட்டின் உச்சியிலிருந்து ஓடை வரை 500 ஹெக்டேர் நிலத்தை ஒரே பார்வையில் அறிய. அத்தனை பெரிய பரப்பைக் குழாயால் அளக்க ஒரு பருவம் போய்விடும். இறக்கை வைத்த ட்ரோன் ஒரு நாளில் முடித்துவிடும், நான்கு விசிறி ட்ரோனுக்குச் சில நாட்கள்.

உயர வரைபடம் கிடைத்த பிறகு நடப்பதுதான் எனக்கு அழகாகப் படும் பகுதி. 1984-இல் ஓ'கலகன், மார்க் என்ற இருவர் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரி. ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டுக் கட்டங்கள். தண்ணீர் அவற்றில் எது மிகச் செங்குத்தான இறக்கமோ அதற்குள் போகும் என்று வைத்துக்கொள். இதை எல்லாக் கட்டங்களுக்கும் செய்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலேயிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணு. எண்ணிக்கை பெருகும் இடங்களை இணைத்தால், வறண்ட கோடையிலும் கணினித் திரையில் ஓடைகள் தெரிகின்றன. மழையே இல்லாத நாளில் மழைத் தண்ணீரின் பாதையைப் பார்க்கிறோம்.

அந்தப் பாதை கைக்கு வந்தால் பண்ணைக்குட்டைக்கு இடம் தேடுவது குருட்டு வேலையாக இருக்காது. ஓரிடத்துக்கு 10 ஏக்கரின் நீர் வந்து சேர்கிறது என்று வரைபடம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. மழையில் மூன்றில் ஒரு பங்கு வழிந்தோடினாலும் ஏறத்தாழ 6.7 லட்சம் லிட்டர் அங்கே வரும். மேல்வாய் 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரை சரியாமலிருக்க ஒன்றரைக்கு ஒன்று சாய்வு வைத்து வெட்டிய குட்டையின் கொள்ளளவு 5.8 லட்சம் லிட்டர். ஒரு நல்ல மழையில் குட்டை நிறைந்து, மிச்சம் வழியும். அப்படியானால் வழிந்தோடி எங்கே, அதற்குக் கீழே என்ன என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். இதே குட்டையை அரை ஏக்கர் நீர்கூட வராத மேட்டில் வெட்டினால் அது வெறும் குழி. திட்டக் கணக்கில் எண்ணிக்கைக்காக வெட்டி, ஒருமுறைகூட நிறையாத குட்டைகள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தோண்டும் முன்பே தடுத்திருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் பி.ஏ.யோமன்ஸ் 1954-இல் எழுதிய நூலில், மலைச்சரிவு செங்குத்து குறைந்து உட்குழிவாக மாறத் தொடங்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நிலம் முழுவதையும் வடிவமைக்கச் சொன்னார். பாதை, அணை, உழவுச் சால், மரவரிசை எல்லாமே அந்தப் புள்ளி வழியே போகும் கோட்டைப் பின்பற்றும். நம் நீர்வடிப்பகுதித் திட்டங்கள் உச்சியிலிருந்து பள்ளத்தை நோக்கி வேலை செய்யச் சொல்வதும் இதே அறிவுதான். கரட்டில் கல்வரப்பும் அகழியும், அதற்குக் கீழே சம உயர வரப்பின் மேல் மா, புளி, முருங்கை, அடிவாரத்தில் குட்டை, ஓடையில் தடுப்பணை. வத்தல்மலை அடிவாரத்திலும் சித்தேரி மலைச்சரிவிலும் பெரியவர்களிடம் கேட்டால் எந்த மழைக்கு எந்தப் பள்ளம் ஓடும் என்று துல்லியமாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்வது தங்கள் காட்டையும் பக்கத்துக் காட்டையும் பற்றி. மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் புறம்போக்கு என்று ஐம்பது பேர் கையில் சிதறியிருக்கும் ஒரு சரிவை ஒன்றாகக் காட்டும் கண்ணாடி அவர்களிடம் இல்லை. தமிழ்நாட்டில் சராசரி நிலக்கைப்பற்று 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தண்ணீர் பட்டா எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையில் எங்கே நுழைகிறது? முதலில், ட்ரோன் காண்பது மேற்பரப்பை. புளியமரத்தின் உச்சியையும் அது தரை என்றே அளந்துவிடும். உண்ணிச்செடிப் புதரும், ஆளுயர மரவள்ளியும், கூரையும் அப்படித்தான். எது மண், எது மரம், எது வீடு என்று கோடிக்கணக்கான புள்ளிகளை இனம்பிரிக்கும் வேலையை இப்போது கற்பிக்கப்பட்ட நிரல்கள் செய்கின்றன. ஆனாலும் புதர் அடர்ந்த இடத்தில் மண்ணையே காணாத கேமராவால் மண்ணின் உயரத்தைச் சொல்ல முடியாது. ஆகவே பறக்க வேண்டிய பருவம் முக்கியம்: அறுவடை முடிந்து, கோடை உழவுக்கு முன், காடு வெறிச்சென்று கிடக்கும் மாசி, பங்குனி. ஆடிக்காற்றில் படம் எடுக்கப் போனால் ட்ரோனும் நிலைக்காது, படமும் நிலைக்காது. இரண்டாவது, உடைந்த வரப்பு, தூர்ந்த குட்டை, கைவிட்ட கிணறு ஆகியவற்றைப் படத்தில் தேடிக் கண்டுபிடிப்பது. கூகுள் நிறுவனம் 2024-இல் இந்தியாவுக்காக வெளியிட்ட ஒரு நிரல், செயற்கைக்கோள் படங்களிலிருந்தே வயல் எல்லைகளையும் நீர்நிலைகளையும் மரக்கூட்டங்களையும் இனம் காண்கிறது. ஊரக வேலைத் திட்டப் பணிகளுக்கு வரைபடத்தின் மேல் இடம் குறிக்க மத்திய அரசு 2021-இல் யுக்ததாரா என்ற தளத்தைத் திறந்தது. சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளை உருவாக்கிய கிளார்ட் செயலி, பாறை வகையையும் சரிவையும் சேர்த்துப் பார்த்து, நாம் நிற்கும் இடத்தில் நீர் உள்ளிறங்குமா என்பதை நிறத்தால் காட்டுகிறது. இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஊராட்சியின் மேசைக்கு அவை வரவில்லை, அவ்வளவுதான்.

இனி மருந்தடிக்கும் ட்ரோன். அதன் நன்மையை மறைக்க மாட்டேன். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நஞ்சை மூச்சில் வாங்கிய உடல்கள் எத்தனை! ட்ரோன் அந்த உடலை வயலுக்கு வெளியே நிறுத்துகிறது. 10 லிட்டர் கொள்கலனில் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் கையால் அடிக்கும்போது 200 லிட்டர் நீரில் கரைப்பதை இங்கே 10 லிட்டரில் கரைக்கிறோம். துளி நுண்ணியது, செறிவு மிகுந்தது, விசிறிக்காற்றில் மிதக்கிறது. பக்கத்துக் காட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அப்போது கேள்வி.

தருமபுரியில் பக்கத்துக் காட்டில் மல்பெரி இருக்கலாம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடி மாநிலத்தின் முக்கியமான அங்காடிகளில் ஒன்று. ஏராளமான குடும்பங்கள் மல்பெரி இலை பறித்து, புழு வளர்த்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. பூச்சிக்கொல்லி பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழு பிழைக்காது. அரூரைத் தாண்டி சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போனால் இன்னொரு கவலை. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் மலைவாழ் மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் தொடர்ச்சியாக, அங்கே இயற்கை விவசாயிகளின் சங்கம் ஒன்று வளர்ந்திருக்கிறது. சிறுதானியமும் மஞ்சளும் சான்றிதழோடு விற்பனைக்குப் போகின்றன. காற்றில் வரும் ஒரு மாலை நேரத்து மருந்து அந்தச் சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கும்.

இன்னும் நுட்பமான ஒரு சேதத்தை மரவள்ளிக்காடு நமக்குக் கற்றுத்தந்தது. குச்சிக்கிழங்கு என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் மரவள்ளியை மாவுப்பூச்சி தாக்கத் தொடங்கியது 2020-ஐ ஒட்டி. தென்னமெரிக்காவில் பிறந்த அந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, கோடிக்கணக்கானோரின் முதன்மை உணவையே அழிக்கப் பார்த்தது. மருந்து பயன்படவில்லை; மெழுகுப் பூச்சுக்குள் அது பாதுகாப்பாக இருந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு அதன் பிறந்த இடத்தில் அதை அடக்கி வைத்திருக்கும் எதிரியைத் தேடியது. பராகுவேயில் கிடைத்தது, கொசுவைவிடச் சிறிய ஓர் ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி. 1981 முதல் ஆப்பிரிக்காவில் விடப்பட்ட அது நாடு நாடாகப் பரவி மரவள்ளியைக் காப்பாற்றியது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. அந்தக் குளவி இன்று நம் காடுகளில் கூலி வாங்காமல் வேலை செய்கிறது. மாவுப்பூச்சியைக் கண்டதும் பத்து ஏக்கருக்கும் வானிலிருந்து பூச்சிக்கொல்லியைத் தூவினால், மெழுகுக்குள் இருக்கும் பூச்சி பிழைக்கும், திறந்த வெளியில் பறக்கும் குளவி சாகும். வேகமாகத் தெளிக்க முடிகிறது என்பதாலேயே தெளிக்கும் பழக்கம் கூடிவிடுமோ என்பதே என் அச்சம்.

இதே ட்ரோன் தெளிக்காமல் பார்த்தால் என்ன கிடைக்கும்? பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். இலையின் உள் திசு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். நலமான இலையில் இவ்விரண்டின் இடைவெளி பெரிது. வாடும் இலையில் அது சுருங்குகிறது, கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே. இந்த இரு அளவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணை 1970-களிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. வெப்பக் கேமரா இன்னொன்றைச் சொல்கிறது: தண்ணீர் போதாத செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ஆவியாதல் நிற்கும், இலை சூடாகும். பாலக்கோட்டுத் தக்காளிக் காட்டில் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட வரிசை, நண்பகல் வெப்பப் படத்தில் தனிக்கோடாகத் தெரியும். அடைப்பை நீக்கினால் போதும், அங்கே மருந்துக்கு வேலையில்லை.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிப் படத்தை இலவசமாகத் தருகின்றன. ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு 40 பிக்சல். ஒரே பயிர் நிற்கும் பெரும் பண்ணைக்கு அது நன்றாக உதவும். ராகிக்கு நடுவே அவரையும் துவரையும், ஓரத்தில் எள்ளும் நிற்கும் தருமபுரிக் கொல்லையில் அந்த இரண்டரை சென்ட்டுக்குள் நான்கு பயிர் இருக்கும். கலப்புப் பயிரை இனம் காண ட்ரோனின் 3 செ.மீ. பிக்சல் வேண்டும், அதைவிட முக்கியமாக, கலப்புப் பயிரைப் பார்த்துப் பழகிய நிரல் வேண்டும்.

பழகுவது என்றால் என்ன? இந்த நிரல்களுக்கு விதி எதையும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டுகிறார்கள். தவறாகச் சொன்னால் உள்ளே இருக்கும் எண்கள் சிறிது திருத்தப்படுகின்றன. கோடிக்கணக்கான திருத்தங்களுக்குப் பின் அது சரியாகச் சொல்லத் தொடங்குகிறது. 2016-இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர்பெற்றது. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள். சோதனையில் 99.35 விழுக்காடு சரி. அந்த எண்ணை மட்டுமே எடுத்துச்சொல்லிப் பல நிறுவனங்கள் செயலி விற்கின்றன. அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31 விழுக்காட்டுக்குச் சரிந்தது. முதல் தொகுப்பின் இலைகள் பறித்து, ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. வயலில் இலை அப்படி இருக்காது. புழுதி படிந்து, பாதி நிழலில், பூச்சி கடித்து, இன்னொரு இலையின் பின்னால் இருக்கும். ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் ஹியூஸ், ஆப்பிரிக்க மரவள்ளி வயல்களிலேயே எடுத்த படங்களைக் கொண்டு நூரு என்ற செயலியை உருவாக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். இணையம் இல்லாத இடத்திலும் அது கைப்பேசியில் இயங்கும்.

நமக்கு இதில் ஒரு நேரடி வேலை இருக்கிறது. தான்சானியாவின் மரவள்ளியைப் பார்த்துப் பழகிய நிரலுக்கு, நம் முள்ளுவாடி ரகத்தில் தேமல் நோய் எப்படித் தெரியும், வெள்ளை ஈ தாக்கிய இலையும் நுண்ணூட்டக் குறையும் எங்கே வேறுபடும் என்பது தெரியாது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்திலிருந்து, பருவம்தோறும், ஊர்தோறும் படம் எடுத்து, நோயைச் சரியாக அறிந்தவர் பெயரிட்டுச் சேர்த்து வைத்தால் அதுவே இந்த மாவட்டத்தின் சொத்து. சாமைக்கும் கொள்ளுக்கும் உலகில் யாரும் அந்த வேலையைச் செய்து தரப் போவதில்லை. அவை பெரிய நிறுவனங்களின் பயிர்கள் அல்ல.

விதைப்பு நாளைச் சொல்வதிலும் இந்த நுண்ணறிவு உதவும். 2016-இல் கர்நூல் மாவட்டம் தேவனகொண்டாவில் 175 நிலக்கடலை விவசாயிகளுக்குப் பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டும் மைக்ரோசாப்டும் கைப்பேசியில் செய்தி அனுப்பின: ஜூன் தொடக்கத்தில் வேண்டாம், கடைசி வாரத்துக்குக் காத்திருங்கள். காத்திருந்தவர்களுக்குச் சராசரியாக 30 விழுக்காடு கூடுதல் விளைச்சல் என்று இக்ரிசாட் அறிவித்தது. 175 பேர், ஒரு பருவம். அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர மாட்டேன். ஆனால் அதன்பிறகு வானிலைக் கணிப்பே மாறிவிட்டது. நாற்பது ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்த கிராஃப்காஸ்ட் என்ற நிரல் 2023-இல், பத்து நாள் உலக வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்துக் காட்டியது. 2025 காரிஃப் பருவத்தில் மத்திய அரசு ஏறத்தாழ 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை தொடங்கும் நாள் பற்றி இத்தகைய கணிப்புகளை அனுப்பியது. ஆடிப்பட்டத்தின் முதல் மழையை நம்பி விதைத்து, பின் இருபது நாள் வெயிலில் முளை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தியின் மதிப்பு புரியும்.

நில வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போது யானையை விட்டுவிட்டுப் பேசினால் அது தருமபுரியைப் பற்றிய பேச்சாக இராது. மாவட்டத்தின் பரப்பான 4,497 சதுர கி.மீ.இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின. இலையின் சூட்டை அளக்கும் அதே வெப்பக் கேமரா, இரவில் காட்டோரம் நிற்கும் யானையையும் காட்டும். ஒரு ஊரின் வரைபடத்தில் நீரோடைகளோடு யானைத் தடத்தையும் சேர்த்து வரைந்தால், தடத்தின் ஓரத்தில் கரும்பும் வாழையும் வைக்காமல் யானை நாடாத பயிரை வைக்கலாம். எதை எங்கே நடுவது என்பது வேலி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு.

யார் இந்தக் கருவிகளை இயக்குவார்கள்? நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு 2023 நவம்பரில் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். குழுவில் ஒருவருக்குப் பதினைந்து நாள் பயிற்சி. தெளிப்புக்கான ட்ரோன், தெளிப்புக்கான பயிற்சி. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களின் வரலாறு தொடங்கியதே தருமபுரியில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் முதல் குழுக்கள் இங்கே உருவாயின. இங்குள்ள பெண்கள் கணக்கெழுதவும் வங்கியோடு பேசவும் கடனைத் திருப்பிக் கட்டவும் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பழகியவர்கள். அவர்கள் கையில் தெளிப்பானை மட்டும் கொடுப்பது போதாது. ஒரு சிறு கேமரா ட்ரோனின் விலை தெளிப்பு ட்ரோனின் விலையில் சிறு பங்குதான். படம் எடுக்கவும், தரைக்குறி வைக்கவும், வரைபடம் வாசிக்கவும் இன்னொரு பதினைந்து நாள் பயிற்சி தந்தால், ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு நில அளவைக் குழு கிடைக்கும். மருந்தடிப்பு சில மாதங்களுக்குத்தான் கூலி தரும். அளவை வேலை கோடையில் வரும், தெளிப்பு ட்ரோன் சும்மா கிடக்கும் காலத்தில்.

நாட்காட்டியும் பொருந்திவருகிறது. மாசியில் காடு வெறிச்சோடும், படம் எடுக்கலாம். மார்ச் 22, உலக தண்ணீர் நாள், 2022 முதல் தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களில் ஒன்று. தண்ணீர் ஓடும் பாதையும் சர்வே எண்ணும் குறித்த வரைபடத்தைப் பெரிய துணியில் அச்சிட்டு அன்றைக்கு ஊர் நடுவே விரிக்கலாம். கணினி சொன்ன ஓடை சரிதானா, எந்த மழையில் எது ஓடும், எந்தக் கிணற்றில் ஊற்று இருந்தது என்று பெரியவர்கள் திருத்துவார்கள். மேல்காட்டுக்காரர் வரப்புக்கு இடம் தர, கீழ்காட்டுக்காரர் என்ன ஈடு செய்வார் என்பதையும் அங்கேயே பேச வேண்டும். எந்த நிரலும் அதை முடிவு செய்து தராது. அந்த வரைபடம் ஊராட்சியிடமே இருக்க வேண்டும், எடுத்துக்கொடுத்த நிறுவனத்திடம் அல்ல. சித்திரை, வைகாசியில் மண்வேலை. ஆடியில் மழை வரும்போது வரப்பு தயாராக இருக்கும். முதல் மழை நின்ற மறுநாள், எங்கே தேங்கியது, எங்கே உடைத்தது என்று பார்க்க அதே ட்ரோனை மறுபடி ஏற்றலாம்.